பாயிண்ட் 32

இந்தியாவில் உரிமம் பெற்று ரிவால்வர் வைத்திருப்பவர் யாரிடமாவது அது என்ன ரகம் என்று கேட்டால், பெரும்பாலும் 'பாயிண்ட் 32' என்றுதான் சொல்வார். அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்துக் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் 9 மில்லிமீட்டர் என்பார், இல்லையென்றால் .380 அல்லது .38. அங்கே .32 வாங்கலாமா என்று யோசிப்பவருக்குக் கடைக்காரரும் நண்பர்களும் நான்கு காரணம் சொல்லித் தடுப்பார்கள். இங்கே அந்த யோசனைக்கே இடமில்லை. சட்டம் விட்டுவைத்ததும் அரசு ஆலை செய்து தருவதும் அதைத்தான். ஒரு தோட்டா ஒரு தேசத்தில் வழக்கமாகவும் இன்னொன்றில் விதிவிலக்காகவும் ஆனதற்கு அதன் வலிமையோ வலிமையின்மையோ முதல் காரணம் அல்ல. அதன் 140 ஆண்டுக்கும் மேற்பட்ட கதையைப் பார்த்தால் இது விளங்கும்.

.32 என்பது குழலின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் கணக்கு. உண்மையில் குண்டின் விட்டம் .312 அங்குலத்தை ஒட்டியது, அதாவது 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1878இல் ஒரு சிறிய .32 தோட்டாவைக் கொண்டுவந்தது. 1896இல் அதையே நீட்டி '.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்' என்று விற்றது. பக்கவாட்டில் உருளை திறக்கும் அந்த நிறுவனத்தின் முதல் ரிவால்வர் இந்தத் தோட்டாவோடுதான் வந்தது. போட்டியாளரான கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவைத் தன் ரிவால்வரிலும் போட்டது. ஆனால் எதிராளியின் பெயரைத் தன் துப்பாக்கிக் குழலில் பொறிக்க மனம் வராமல், குண்டின் முனையைத் தட்டையாக்கி '.32 கோல்ட் நியூ போலீஸ்' என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டது. இவை ரிவால்வருக்கானவை. பிஸ்டலுக்கான .32 முற்றிலும் வேறு. ஐரோப்பாவில் அதற்கு 7.65 மில்லிமீட்டர் பிரவுனிங் என்று பெயர். உரிமப் புத்தகத்தில் இரண்டும் '.32 போர்' என்றே எழுதப்பட்டாலும், ரிவால்வர் தோட்டா பிஸ்டலில் நுழையாது.

ரிவால்வருக்கான .32ஐ முதலில் ஏற்றுக்கொண்டது ஒரு மாநகரக் காவல்துறை. 1895இல் நியூயார்க் நகரக் காவல் வாரியத்தின் தலைவரானார் தியடோர் ரூஸ்வெல்ட். பிற்பாடு அமெரிக்க அதிபரானவர் இவரே. அவர் வந்தபோது காவலர்கள் கைக்குக் கிடைத்த துப்பாக்கியைச் சொந்தச் செலவில் வாங்கி வைத்திருந்தார்கள். ஒருவரின் தோட்டா இன்னொருவருக்கு உதவாது. 1896இல் எல்லோருக்கும் கோல்ட் நியூ போலீஸ் .32 ரிவால்வர் என்று வாரியம் முடிவெடுத்தது. அதோடு குறிபார்த்துச் சுடும் பயிற்சியும் தொடங்கியது. அதிகம் சுடாத, பயிற்சியே இல்லாத காவலர்களுக்கு உதைப்பு குறைந்த சிறிய துப்பாக்கி பொருந்தும் என்பது சரியான கணிப்பு. அந்தக் காலத்தில் .32 யாருக்கும் ஏளனமாகத் தெரியவில்லை.

இந்த விட்டத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் பிரவுனிங். பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே எர்ஸ்தாலில் இருந்த எஃப்.என். ஆலைக்காக அவர் வடிவமைத்த பிஸ்டலும் 7.65 தோட்டாவும் 1900ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தன. தோட்டாவின் அளவு ஏன் அப்படி அமைந்தது என்பதற்குப் பதில் பிஸ்டலின் உள்ளமைப்பில் இருக்கிறது. அதில் குழலையும் அடைப்பையும் இறுக்கிப் பிடிக்கும் பூட்டு கிடையாது. சுட்டதும் பின்னோக்கி வரும் விசையை மேல்மூடியின் எடையும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே தாங்கும். பாகங்கள் குறைவு, செய்வது எளிது, விலை மலிவு, தடிமனும் கொஞ்சம்தான். ஆனால் இந்த அமைப்பில் தோட்டாவின் விசை கூடினால் மேல்மூடியின் எடையையும் கூட்ட வேண்டும். பையில் வைக்கும் துப்பாக்கி பிறகு பைக்குள் அடங்காது. 4.6 கிராம் குண்டு, நொடிக்கு 275 மீட்டரை ஒட்டிய வேகம். பையளவுத் துப்பாக்கிக்குப் பிரவுனிங் கண்ட சமநிலை அது.

1903இல் கோல்ட் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட பிரவுனிங் வடிவம் இன்னும் நேர்த்தியானது. சுத்தியலை மேல்மூடிக்குள் மறைத்தார்கள். சட்டைப்பையிலிருந்து இழுக்கும்போது துணியில் மாட்ட வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. தோட்டா அடுக்கும் பெட்டியில் எட்டு. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். அமெரிக்கத் தளபதிகளுக்கு இடுப்பில் அணியக் கொடுக்கப்பட்டதும் இந்த ரகமே.

இந்திய விடுதலைப் போராட்டத்தில் இந்தப் பைத்துப்பாக்கிகளின் பங்கு பெரிது. 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிரவுனிங் பிஸ்டல்கள் ஒரு பயணியின் பெட்டியில் இந்தியா வந்து சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனை அனந்த கன்ஹரே சுட்டது அவற்றில் ஒன்றால். ஒன்றரை ஆண்டு கழித்து, 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல்தான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் எட்டாத ஊர் ஒன்று பக்கத்திலேயே இருந்ததும், மடியில் மறைத்து ரயில் ஏறத்தக்க அளவில் ஒரு துப்பாக்கி கிடைத்ததும் சேர்ந்தே மணியாச்சியைச் சாத்தியமாக்கின.

அடுத்த தலைமுறை கோல்ட் .32ஐக் கையில் எடுத்தது. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸை பகத்சிங் சுட்ட பிஸ்டல் அந்த ரகம். நெடுங்காலம் அது இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுத அருங்காட்சியகத்தில் கறுப்பு வண்ணம் பூசப்பட்டு, இன்னாருடையது என்று தெரியாமலே பல துப்பாக்கிகளில் ஒன்றாகக் கிடந்தது. வரிசை எண்ணை வைத்து அடையாளம் கண்டபிறகு பஞ்சாபின் உசைனிவாலாவுக்குக் கொண்டுபோனார்கள். 1931 பிப்ரவரி 27 அன்று அலகாபாத் ஆல்ஃபிரட் பூங்காவில் சுற்றி வளைத்த போலீஸோடு தனி ஆளாக மோதிய சந்திரசேகர் ஆசாத்தின் பிஸ்டலும் அதே கோல்ட் 1903, அதே .32. இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு விடுதலைக்குப் பின் திரும்பி வந்த அந்தத் துப்பாக்கி இப்போது அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் .32ஐத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதைவிட, மறைக்க முடிந்ததும் கள்ளச்சந்தையில் கிடைத்ததும் அதுவே என்று சொல்வதே பொருந்தும்.

வாஞ்சிநாதன் சுட்ட அந்த 1911ஆம் ஆண்டு கைத்துப்பாக்கி வரலாற்றிலேயே ஒரு முடிச்சு. அந்த ஜனவரியில் லண்டன் சிட்னி தெருவில் ஒரு வீட்டுக்குள் பதுங்கிய கும்பலிடம் நவீன மவுசர் பிஸ்டல்கள் இருந்தன. போலீஸிடம் இருந்தவை காலாவதியானவை. அந்த அவமானத்துக்குப் பிறகு லண்டன் மாநகரக் காவல்துறை வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனத்தின் .32 பிஸ்டலை ஏற்றது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் சல்லிவன் சட்டம் வந்து, மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயமானது. அமெரிக்க ராணுவமோ அதே ஆண்டு நேர் எதிர்த் திசையில் போனது: மார்ச் மாதம் அது ஏற்றுக்கொண்டது .45 பிஸ்டலை. அதுவும் பிரவுனிங்கின் வடிவமே.

அந்த .45க்குப் பின்னால் பிலிப்பைன்ஸ் போர் இருந்தது. அங்கே மோரோ வீரர்கள் .38 குண்டு பட்டும் நிற்காமல் பாய்ந்து வந்தார்கள் என்ற புகார் வாஷிங்டனை எட்டியது. 1904இல் கேப்டன் தாம்சன், மருத்துவர் மேஜர் லகார்ட் இருவரையும் சோதிக்கச் சொன்னார்கள். சிகாகோவின் இறைச்சித் தொட்டியில் மாடுகள் மீதும் மனிதச் சடலங்கள் மீதும் பல விட்டங்களில் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறைந்த எதுவும் போர்வீரனுக்கு உதவாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்று படித்தால் அந்தச் சோதனை முறையில் ஓட்டைகள் நிறையவே தெரியும். சுட்ட விலங்குகள் குறைவு, முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். ஆனாலும் அமெரிக்கர் மனத்தில் 'பெரிய குண்டே குண்டு' என்ற எண்ணத்தை ஊன்றியது அந்த அறிக்கை. அமெரிக்காவில் .32இன் மதிப்பு சரியத் தொடங்கியதும் அதிலிருந்தே.

ஐரோப்பாவுக்கு அந்த எண்ணம் வர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 1929இல் வந்த வால்தர் பி.பி., அதைச் சுருக்கிச் செய்த பி.பி.கே. இரண்டும் 7.65இல்தான் பெயர் வாங்கின. 1956இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த துப்பாக்கி ஆர்வலர் ஜெஃப்ரி பூத்ராய்ட், ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃபிளெமிங்குக்கு ஒரு கடிதம் போட்டார். பாண்ட் வைத்திருக்கும் .25 பெரெட்டா அவனுக்குத் தகாது என்பது அதன் சாரம். ஃபிளெமிங் ஒப்புக்கொண்டு, 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் கையில் 7.65 வால்தர் பி.பி.கே.யைக் கொடுத்தார், அதைக் கொண்டுவந்து கொடுக்கும் பாத்திரத்துக்கே பூத்ராய்ட் என்று பெயரும் வைத்தார். .25க்கு மாற்றாக .32ஐப் பெரிய துப்பாக்கியாகக் கருதியிருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது. பிறகு 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலையும் தொடர்ந்த தீவிரவாதத் தாக்குதல்களும் ஜெர்மன் போலீஸை உலுக்கின. 7.65ஐ விட்டு 9 மில்லிமீட்டருக்கு மாறியது அந்தக் காவல்துறை. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

இப்படி உலகமே கைகழுவிக்கொண்டிருந்த தோட்டாவை இந்தியா ஏன் பிடித்துக்கொண்டது?

விடை 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயருக்கு வந்த அச்சத்தில் இருக்கிறது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878இல், வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. ஆனால் ஆட்சியாளரின் பெரிய கவலை துப்பாக்கியைப் பற்றியதே அல்ல; தோட்டாவைப் பற்றியது. ராணுவக் கிடங்கிலிருந்து களவுபோகும் தோட்டா வெளியார் துப்பாக்கியில் பொருந்திவிட்டால்? 1907ஐ ஒட்டி .450 விட்டத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் தடுத்தது அந்தக் கவலையால்தான். பழைய ராணுவ மார்ட்டினி ஹென்றி ரைஃபிளின் விட்டம் அது. தடை வந்ததும் லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் புலி வேட்டைக்காரரை இழக்க மனமின்றி .465, .470, .475 என்று புதுப்புது விட்டங்களை உருவாக்கின. இன்றும் உலகம் போற்றும் பல யானை வேட்டைத் தோட்டாக்கள் இந்தியத் தடையின் பிள்ளைகள். ராணுவத்தின் .303ஐக் குடிமக்கள் தொடக்கூடாது என்பதால் ஆஸ்திரிய மான்லிச்சரின் தோட்டாவை ஒட்டிய .315 இங்கே நிலைத்தது. இஷாப்பூர் ஆலை அந்த ரைஃபிளைச் செய்தது. உரிமம் பெற்ற ரைஃபிள் என்றால் இன்றும் பலருக்கு .315 என்றே பொருள்.

அந்தக் கவலை வெறும் கற்பனையும் அல்ல. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் துப்பாக்கி விற்கும் ரோடா நிறுவனத்தின் சரக்கிலிருந்து புரட்சியாளர்கள் கடத்திய பெட்டிகளில் மவுசர் பிஸ்டல்கள் 50தான், தோட்டாக்கள் 46,000. வங்கத்தில் ஆண்டுக்கணக்கில் அந்தத் துப்பாக்கிகள் வெடித்ததற்குத் தோட்டாக் குவியலே காரணம். 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங்கில் புரட்சியாளர் சூர்யா சென்னின் குழு ஆயுதக் கிடங்கையே பிடித்தது. ரைஃபிள்களும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் கைக்கு வந்தன. தோட்டா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தோட்டா இல்லாத இயந்திரத் துப்பாக்கி, எண்ணெய் இல்லாத விளக்கு. அந்த எழுச்சியின் போக்கையே மாற்றிய இடம் அது.

விடுதலைக்குப் பின்னும் ஆட்சியாளர் இந்தத் தர்க்கத்தை விடவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1962ஆம் ஆண்டின் விதிகளும் விட்டங்களை இரண்டாகப் பிரித்தன. படையும் போலீஸும் புழங்கும் 9 மில்லிமீட்டர், .38, .303 முதலியவை தடைசெய்யப்பட்டவை. அவற்றுக்கு டெல்லி உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். மற்றவற்றுக்கு மாவட்டத்தில் கலெக்டர், சென்னை போன்ற மாநகரில் போலீஸ் கமிஷனர். கைத்துப்பாக்கியில் மிஞ்சியவற்றில் பரவலாகக் கிடைத்தவை .32, .25, .22. அவற்றில் பெரியது .32. அவ்வளவுதான் தேர்வு.

1980களின் நடுவில் குடிமக்களுக்கான இறக்குமதியும் ஏறக்குறைய நின்றுபோனது. பழைய வெப்ளி, பழைய கோல்ட் .32களின் விலை எகிறியது. இடைவெளியை நிரப்பியது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை. பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்ளி மார்க் 4 வடிவத்தை அடியொற்றி, ஆனால் .32 லாங் தோட்டா போடும்படி, ஆறு தோட்டா ரிவால்வரை அது செய்தது. தோட்டா வருவது புணே அருகே கட்கியின் தோட்டாத் தொழிற்சாலையிலிருந்து. வெப்ளி மார்க் 4 முதலில் .38க்காகப் பிறந்தது என்பதை நினைத்தால் சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்று தெரியும்.

வலிமையைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். .32 லாங் குண்டு குழலை விட்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 150 ஜூல், பிஸ்டலின் .32 சற்றுக் கூடுதல். 9 மில்லிமீட்டருக்கு 450 முதல் 500. மூன்றில் ஒரு பங்கு என்பது சிறிய வித்தியாசம் அல்ல. அதே சமயம், உதைப்பு குறைவதால் குறி எளிதில் தவறாது. உலகத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் முன்னணி வீரர்கள் நாடுவது தட்டை முனை கொண்ட .32 லாங் தோட்டாவையே. இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா, 2006 தோஹா ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில். துல்லியத்தில் .32 லாங்கை மிஞ்சும் ரிவால்வர் தோட்டா அரிது. மறைத்து எடுத்துப்போகும் துப்பாக்கி எத்தனை பெரிய துளை போடும் என்பதைவிட, அதை வைத்திருப்பவர் பட வேண்டிய இடத்தில் படும்படி சுட முடியுமா என்பதே முக்கியம். இந்த ஒரு விஷயத்தில் பழைய நியூயார்க் வாரியம் பின்வந்த பலரைவிடத் தெளிவாக இருந்தது.

அமெரிக்காவிலேயே .32 மெல்லத் திரும்பியும் வந்தது. 1980களில் வின்செஸ்டர் முனை குழிந்த .32 குண்டை வெளியிட்டது; அதற்கென்றே அளவெடுத்து லுட்விக் சீகேம்ப் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் 1985இல் உள்ளங்கையில் அடங்கும் பிஸ்டலைச் செய்தார். வாங்க வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1987இல் ஃப்ளோரிடா, தகுதியுள்ளவர் கேட்டால் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தைத் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 1994இல் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய பெட்டிகளை மத்திய அரசு தடுத்ததும், பத்துக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கிகளில் நிறுவனங்கள் கவனம் செலுத்தின. 1999இல் கெல்-டெக் பி-32 வந்தது. தோட்டா போடாமல் எடை 190 கிராமுக்கும் குறைவு. அதில் ஒரு பழைய சிக்கலும் தலைகாட்டியது. பிரவுனிங்கின் .32 தோட்டாவுக்கு அடியில் சிறு விளிம்பு உண்டு. முனை குழிந்த குண்டுத் தோட்டா நீளத்தில் குட்டை. பெட்டிக்குள் முன்னும் பின்னும் ஆடும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும், பிஸ்டல் நின்றுவிடும். பழைய உருண்டை முனைத் தோட்டாவில் இந்தத் தொல்லை குறைவு என்பதால் இன்றும் பலர் அதையே போடுகிறார்கள்.

ரிவால்வரில் வந்த மாற்றம் இதைவிட அர்த்தமுள்ளது. 1984இல் .32 எச் அண்ட் ஆர் மேக்னம், 2008ஐ ஒட்டி .327 ஃபெடரல் மேக்னம் என்று அதே விட்டத்தில் வலிமை கூடிய தோட்டாக்கள் வந்தன. .38 ஐந்து கொள்ளும் உருளையில் .32 ஆறு கொள்ளும். 2024இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் சிறு ரிவால்வரை .32 மேக்னத்தில் புதுப்பித்து வெளியிட்டது. வயதானவர்கள், கை மெலிந்தவர்கள், .38இன் உதைப்பு தாங்காதவர்கள் அதன் பக்கம் போகிறார்கள். தடை அங்கே ஒன்றுதான்: எல்லாக் கடையிலும் தோட்டா இருக்காது, இருந்தாலும் விலை கூடுதல். 1986இல் மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்த மோதலுக்குப் பின் வலிமை தேடி .40க்குப் போன அந்தப் புலனாய்வு அமைப்பே முப்பது ஆண்டுக்குள் 9 மில்லிமீட்டருக்குத் திரும்பிவிட்டது. ஆகவே சந்தை முழுக்க 9 மில்லிமீட்டர்.

இந்தியாவில் .32 இன்னும் கிளைவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 2020இல் வெப்ளி அண்ட் ஸ்காட் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் .32 ரிவால்வர் தயாரிப்பைத் தொடங்கியது. படைத்துறைத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, கான்பூரும் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அந்த நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது 'பிரபல்' என்ற ரிவால்வரை. பக்கவாட்டில் திறக்கும் உருளை, 50 மீட்டர்வரை எட்டும் குண்டு. இதற்கிடையே ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

2014 ஜனவரியில் கான்பூரின் அரசு ஆலை ஒன்று பெண்களின் தற்காப்புக்கென்று அறிவித்த 'நிர்பீக்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2012இல் டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்டு இறந்த மாணவியை நினைவூட்டும் பெயர். டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம் எடை, கைப்பையில் வைக்கும் அளவு, .32 விட்டம். அப்போதைய விலை 1,22,360 ரூபாய். அந்த ஆண்டின் இந்தியத் தனிநபர் சராசரி வருமானத்தைவிட அதிகம். இரவுப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அதை வாங்கும் வசதியும் இல்லை, வாங்க முடிந்தாலும் உரிமம் கிடைக்கும் உறுதியும் இல்லை. தோட்டாவின் விட்டத்தில் குறையில்லை. அந்தப் பெண்ணுக்குத் தேவை விளக்கெரியும் சாலை, நேரத்துக்கு வரும் பேருந்து, புகாரை எழுதிக்கொள்ளும் காவல் நிலையம். அவளுக்கு விடையாக ஒரு ரிவால்வரை நீட்டியது தவறு.